ஹரி பெர்குசன்: சிறிய வயலுக்கு உழவு இயந்திரம் செய்தவர்

புரட்டாதி கழிந்து முதல் மழை விழுந்ததும் படுவான்கரையில் உழவு இயந்திரங்களின் சத்தம் தொடங்கிவிடும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்கள் அவை. சொந்தமாக இயந்திரம் வைத்திருப்பவருக்கு அது உழைக்கும் காலம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மட்டும் செய்பவருக்கு அது காத்திருக்கும் காலம். வாடகைக்கு உழுபவர் பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வருவார். அதற்குள் மழை கூடிவிட்டால் புழுதி விதைப்பு தவறிவிடும். போரில் கணவனை இழந்து தனியாக வயல் செய்யும் பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் நீளமானது.

அதனால் ஒவ்வொரு போகத்திலும் பல வீடுகளில் அதே பேச்சு எழுகிறது. வாடகைக்குக் கொடுக்கும் காசைக் கட்டுப்பணமாகக் கட்டி நாமே ஒரு சிறிய இயந்திரம் எடுத்தால் என்ன? எடுப்பதென்றால் எதை எடுப்பது? இரு சக்கரமா, நான்கு சக்கரமா? எத்தனை குதிரைவலு? ஊரில் எல்லோரும் வைத்திருப்பதைப் போன்ற பெரியதா, அல்லது எங்கள் வயலின் அளவுக்கு ஏற்ற சிறியதா?

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு தீவில் பிறந்த ஒருவர் இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அவருடைய பெயர் எங்கள் வயல்களில் ஓடும் சிவப்பு இயந்திரங்களின் முகப்பில் இன்றும் இருக்கிறது. நாங்கள் மெசி என்று சுருக்கி அழைக்கும் மெசி பெர்குசன் என்ற பெயரின் இரண்டாவது பாதி அவருடையது. ஹரி பெர்குசன் யார், அவர் எதற்காகச் சண்டை பிடித்தார் என்று தெரிந்துகொண்டால், இயந்திரம் வாங்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் ஓரளவு தெளிவாகும்.

வயல் வேலை பிடிக்காத விவசாயி மகன்

ஹரி பெர்குசன் 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி அயர்லாந்தின் வடபகுதியில், டவுண் கவுண்டியைச் சேர்ந்த குரோவெல் என்ற கிராமத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் நான்காமவர். தந்தை சொந்த நிலத்தில் பயிர் செய்தவர். கடுமையான மதக் கட்டுப்பாடுகளோடு குடும்பத்தை நடத்தியவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஹரி, தந்தையின் பண்ணையில் வேலைக்கு இறங்கினார். உடம்பு சிறியது, வேலை பெரியது. குதிரைக்குப் பின்னால் நாள் முழுவதும் நடந்து உழுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தையோடும் ஒத்துப்போகவில்லை. கனடாவுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார்.

1902இல் அவருடைய அண்ணன் பெல்பாஸ்ட் நகரில் சைக்கிள்களும் கார்களும் திருத்தும் கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஹரி அங்கே போய்ச் சேர்ந்தார். எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் திறமை அவருக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பிறகு விமானத்தின் மீது ஆசை வந்தது. தானே ஒரு விமானத்தைக் கட்டி, 1909 டிசம்பர் 31ஆம் திகதி ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் சுமார் 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்தில் நடந்த முதல் விமானப் பறப்பு அதுதான்.

1911இல் அண்ணனைப் பிரிந்து சொந்தமாகக் கார் வியாபாரம் தொடங்கினார். 1914இல் முதலாம் உலகப்போர் வெடித்த காலத்தில், அமெரிக்காவில் இருந்து வந்த பெரிய உழவு இயந்திரங்களையும் விற்கத் தொடங்கியிருந்தார். வயலை விட்டு ஓடிவந்தவரை வியாபாரம் மறுபடி வயலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

போர்க்கால வயல்களில் கண்டது

போர் நீண்டபோது, உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. குதிரைகளும் ஆட்களும் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இருக்கும் நிலத்தில் கூடுதலாகப் பயிர் செய்தாக வேண்டிய நெருக்கடி. அயர்லாந்தின் விவசாய நிர்வாகம், நாட்டில் இருந்த உழவு இயந்திரங்களை முறையாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையை 1917இல் பெர்குசனிடம் ஒப்படைத்தது. அவர் தன் பட்டறையின் திறமையான பொறிவினைஞர் வில்லி சாண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அந்தப் பயணத்தில் கண்ட ஒரு விடயம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இயந்திரம் புதிது. ஆனால் கலப்பை பழையது. குதிரையின் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்ததைப் போலவே இயந்திரத்தின் பின்னாலும் கட்டி இழுத்தார்கள். பின்சில்லுகள் வழுக்காமல் இருக்க இயந்திரத்தை மிகப் பாரமாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பாரம் ஈர மண்ணை அமுக்கி இறுக்கியது. கலப்பை நிலத்துக்குள் இருந்த கல்லில் தட்டி நின்றால், சில்லுகள் மேலும் திருக, இயந்திரத்தின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநரின் மீதே கவிழ்ந்துவிடும். அப்படிப் பலர் செத்தார்கள்.

இயந்திரத்தைப் பெரிதாக்குவதே இதற்கு வழி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பெர்குசன் எதிர்த் திசையில் யோசித்தார். இயந்திரத்தையும் கலப்பையையும் இரண்டாகப் பார்க்கக்கூடாது, ஒரே உடம்பாகச் செய்ய வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்த ஆண்டே ஒரு இலேசான கலப்பையைச் செய்து, கார் எஞ்சின் பூட்டிய சிறிய இயந்திரம் ஒன்றில் நேரடியாகப் பொருத்தினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த ஒரே யோசனையைத் திருத்தித் திருத்திச் செய்துகொண்டிருந்தார்.

மூன்று புள்ளிகள்

இன்று எந்த உழவு இயந்திரத்தின் பின்னாலும் போய் நின்று பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. கொத்துக் கலப்பையோ ரொட்டவேட்டரோ அந்த மூன்று இடங்களில்தான் பூட்டப்படுகிறது. ஜப்பான் இயந்திரமானாலும் இந்திய இயந்திரமானாலும் இதே அமைப்புத்தான். இது பெர்குசன் உலகத்துக்குக் கொடுத்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கலப்பை மண்ணுக்குள் போகும்போது மண் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கீழ்க் கைகள் இழுபடுகின்றன, மேற்கை முன்னோக்கி அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கம் இயந்திரத்தின் முன்பக்கத்தை நிலத்தில் பிடித்து வைக்கிறது. கலப்பையின் பாரமும் மண்ணின் பிடியும் சேர்ந்து பின்சில்லுகளின் மேல் இறங்குகின்றன. இப்படி, வேலை செய்யும் நேரத்தில் மட்டும் இயந்திரத்துக்குத் தேவையான பாரம் கிடைக்கிறது. எந்நேரமும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்த படி, அந்த அமுக்கத்தைக் கொண்டே எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தூக்கியைக் கட்டுப்படுத்துவது. மண் இறுகினால் மேற்கையின் அமுக்கம் கூடும். உடனே தூக்கி கலப்பையைச் சற்று மேலே எடுக்கும். இளகிய மண் வந்தால் மறுபடி இறக்கும். கலப்பை கல்லில் தட்டினால் சில்லுகளின் மேல் இருந்த பாரம் விடுபட்டு அவை வெறுமனே சுற்றும், இயந்திரம் பின்னால் கவிழாது. 1920களின் நடுப்பகுதியில் இதற்கான காப்புரிமையை அவர் பெற்றார்.

இந்த இடத்தில் எங்கள் கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. குதிரைவலு என்பது எஞ்சினின் கணக்கு மட்டுமே. நிலத்தில் நடக்கும் வேலை, பாரம் எங்கே இறங்குகிறது, கருவி எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது, மண் எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பொறுத்தது. பாரம் கூடிய இயந்திரம் எப்போதும் வலுவான இயந்திரம் அல்ல.

கூட்டாளிகளும் சண்டைகளும்

யோசனை இருந்தாலும் அதைத் தொழிற்சாலையில் செய்துதர ஆள் வேண்டும். 1933இல் பெர்குசன் தன் செலவில் மாதிரி இயந்திரம் ஒன்றைக் கட்டினார். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் பற்சில்லுகள் செய்துவந்த டேவிட் பிரவுண் குடும்பத்தின் நிறுவனம் அதைத் தயாரிக்க ஒத்துக்கொண்டது. 1936இல் விற்பனை தொடங்கியது. இயந்திரத்தின் விலை 224 பவுண். ஆனால் அதற்கென்றே செய்த கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனியாக 26 பவுண் கொடுக்க வேண்டும். பழைய கலப்பையைப் பூட்ட முடியாது. விவசாயிகள் தயங்கினார்கள். 1939 வரை சுமார் 1,350 இயந்திரங்கள் மட்டுமே தயாராகின.

இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுபவர்கள் இன்றும் இதே இடத்தில் சிக்குகிறார்கள். கலப்பை, ரொட்டவேட்டர், சேற்றுக்கான இரும்புச் சில்லு, பெட்டி எல்லாம் சேர்ந்த தொகைதான் உண்மையான விலை.

விற்பனை மந்தமானதும் டேவிட் பிரவுண் இன்னும் பெரிய, வலுக்கூடிய இயந்திரம் செய்வோம் என்றார். பெர்குசன் மறுத்தார். சிறியதும் மலிவானதும்தான் சிறு விவசாயிக்குத் தேவை என்பதில் அவர் அசையவில்லை. இருவரும் பிரிந்தார்கள். பிரவுண் தன் வழியில் பெரிய இயந்திரம் செய்யப் போனார்.

பெர்குசன் ஓர் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்றார். 1938 ஒக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் பண்ணையில் அதை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டும் விவசாயியின் மகன், அவருக்கும் வயல் வேலையின் கடினம் தெரியும். ஒரு மேசையில் இருந்து பேசிய இருவரும் கைகுலுக்கி உடன்பட்டார்கள். ஃபோர்ட் தயாரிப்பார், பெர்குசன் விற்பார். ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதப்படவில்லை. 1939 ஜூனில் புதிய இயந்திரம் வெளியானது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றி உழவைத்துக் காட்டி அதன் இலகுவை நிரூபித்தார்கள். 1947 வரை அந்த வகை இயந்திரங்கள் ஏறக்குறைய மூன்று இலட்சம் தயாராகின.

ஹென்றி ஃபோர்ட் 1947இல் இறந்தார். அதற்கு முன்னரே நிறுவனத்தைப் பொறுப்பெடுத்திருந்த அவருடைய பேரன் அந்த வாய்ப்பேச்சு உடன்பாட்டை முடித்துவிட்டு, அதே தூக்கும் முறையோடு புதிய இயந்திரத்தைத் தன் வழியில் விற்கத் தொடங்கினார். பெர்குசன் 1948இல் 251 மில்லியன் டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகள் இழுபட்ட அந்த வழக்கு, 1952இல் 9.25 மில்லியன் டொலருடன் சமரசமாக முடிந்தது. காப்புரிமை பெறும்போது ஒவ்வொரு சொல்லையும் பார்த்து எழுதியவர், தன் வாழ்க்கையின் மிகப்பெரிய வியாபாரத்தை எழுத்தில்லாமல் செய்தார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய மிகப்பெரிய வெற்றியும் நடந்துகொண்டிருந்தது. 1946இல் இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த தொழிற்சாலை ஒன்றில் அவருடைய டி.ஈ.20 என்ற சாம்பல் நிற இயந்திரம் தயாராகத் தொடங்கியது. பாரம் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். வலு சுமார் 25 குதிரைவலு. 1956 வரையான பத்து ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வெளியே வந்தன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போனதும் இந்த வகை இயந்திரங்களில்தான்.

விவசாயி அதை எப்படிப் பராமரிப்பார் என்றும் பெர்குசன் யோசித்திருந்தார். பெரும்பாலான ஆணிகளைக் கழற்றவும் கருவிகளைச் சரிசெய்யவும் ஒரே சாவி போதும். அந்தச் சாவியில் அங்குல அளவும் குறிக்கப்பட்டிருந்தது, அதை வைத்தே கலப்பையின் அளவுகளையும் பார்க்கலாம். ஓட்டுநர்களுக்கும் திருத்துநர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஸ்டோன்லீ என்ற இடத்தில் ஒரு பள்ளியையும் நடத்தினார்.

மெசியோடு சேர்ந்ததும் பிரிந்ததும்

1953இல் பெர்குசன் தன் நிறுவனத்தைக் கனடாவின் மெசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலையில் பத்து இலட்சம் டொலர் வித்தியாசம் வந்தபோது நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள். பெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே கருத்து வேறுபாட்டில் தலைவர் பதவியை விட்டு விலகினார். 1958இல் நிறுவனத்தின் பெயர் மெசி பெர்குசன் என்று சுருங்கியது. அவர் இல்லாத நிறுவனத்தில் அவர் பெயர் மட்டும் தங்கியது.

கடைசி ஆண்டுகளில் கார்களுக்கு நான்கு சில்லும் இழுக்கும் முறையை உருவாக்குவதில் தன் பணத்தைச் செலவிட்டார். நித்திரையின்மையும் மனச்சோர்வும் அவரை வருத்தின. 1960 ஒக்டோபர் 25ஆம் திகதி இங்கிலாந்தில் தன் வீட்டில் காலமானார். வயது 75. அதே ஆண்டில் சென்னையில், மெசி பெர்குசனின் கூட்டோடு டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. எங்கள் பக்கத்து வயல்களில் ஓடும் சிவப்பு மெசி இயந்திரங்கள் பலவும் அந்தச் சென்னை நிறுவனத்தில் இருந்து வந்தவை.

எங்கள் பக்கத்து இன்னொரு பெயர்

பெர்குசனின் கதையை இங்கே கொண்டுவரும்போது இன்னொருவரையும் நினைக்க வேண்டும். இரு சக்கர உழவு இயந்திரத்தை எங்கள் ஊர்களில் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் லான்ட்மாஸ்டர் என்றே சொல்கிறோம். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமானவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1950களில் அவர் உருவாக்கிய இரு சக்கர இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்காமில் இருந்த லான்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்தது. பிற்காலத்தில் அவரே தன் வேலையைக் கேள்வி கேட்டார். விவசாயத்தை முன்னேற்றினோமா, அல்லது எருமைக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை வைத்தோமா என்பது அவர் கேள்வி. எருமை பால் தரும், எரு தரும், கன்றும் போடும். இயந்திரம் எண்ணெயும் உதிரிப்பாகமும் கேட்கும். மட்டக்களப்புத் தயிரின் பெருமையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் புரியும்.

வாவியின் இரு கரைகள்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் பெரும்பாலும் மணல். களுதாவளை, தேத்தாத்தீவு போன்ற ஊர்களில் கிணற்று நீரில் மரக்கறியும் வெற்றிலையும் செய்யும் சிறிய தோட்டங்கள். படுவான்கரையில் நெல் வயல்கள். மழையை நம்பிய நிலமும் உண்டு, உன்னிச்சை, நவகிரி குளங்களின் நீர் பாயும் நிலமும் உண்டு. ஒரே குடும்பம் எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் வயல் செய்வது இங்கே வழக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்திலும் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையே பாதைப் பயணம் அதன் பிறகும் தொடர்ந்தது.

போர்க்காலத்தில் உழவு இயந்திரம் எங்களுக்கு உழும் கருவி மட்டுமாக இருக்கவில்லை. 2007இன் தொடக்கத்தில் படுவான்கரையில் இருந்து பெருந்தொகையான சனம் வெளியேறியபோது, பெட்டியில் ஏற்ற முடிந்ததுதான் மிச்சம். திரும்பிவந்தபோது விட்டுப்போன இயந்திரங்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை பலவும் துருப்பிடித்துக் கிடந்தன. அதனால் இங்கே ஒரு குடும்பம் இயந்திரம் வாங்குவது வெறும் வியாபாரக் கணக்கு அல்ல. இழந்ததை மீட்பதுமாகும். அந்த உணர்வுதான் சில வேளைகளில் தேவைக்கு மேல் பெரியதை வாங்க வைக்கிறது. பிறகு மாதாமாதம் கட்டுப்பணம் கட்ட முடியாமல் இயந்திரத்தையும் இழந்து கட்டிய காசையும் இழக்கும் நிலை வருகிறது.

பெர்குசன் கற்றதை எங்கள் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது மண். வயலில் மேல் மண்ணுக்குக் கீழே நீரைத் தாங்கும் இறுகிய படை ஒன்று இருக்கிறது. பாரமான இயந்திரம் சேற்றில் அதை உடைத்தால் நீர் நிற்காது, அடுத்த தடவை இயந்திரமே புதையும். சேற்று உழவுக்கு இலேசான இயந்திரமும் அகலமான இரும்புச் சில்லும் போதும். நான்கு சில்லும் இழுக்கும் சிறிய இயந்திரம் என்றால் சேற்றில் இன்னும் உதவி. மணல் தோட்டத்துக்கு இரு சக்கரமே போதுமானது. கால் ஏக்கர் தோட்டத்தில் நான்கு சக்கரத்தைத் திருப்ப இடம் இருக்காது.

இரண்டாவது கருவி. எந்தக் கருவியை அதிகம் பூட்டப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்ற எஞ்சினைப் பார்க்க வேண்டும். ரொட்டவேட்டருக்கு ஒரு மீற்றர் அகலத்துக்குச் சுமார் 20 குதிரைவலு என்று கணக்கு வைக்கலாம். எஞ்சினின் வலு முழுவதும் கருவிக்கு வந்து சேராது என்பதால் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. இருபத்தைந்து குதிரைவலுச் சிறிய இயந்திரத்துக்குப் பெரிய இயந்திரத்தின் ரொட்டவேட்டரை இரவல் வாங்கிப் பூட்டினால் எஞ்சின் திணறும். மூன்று புள்ளிப் பூட்டின் அளவும் பார்க்க வேண்டும். வகை 1 என்ற பொது அளவில் கீழ்க் கைகளின் ஆணி 22 மில்லிமீற்றர், மேற்கையினது 19 மில்லிமீற்றர். அதே அளவு என்றால் அயலவரின் கருவியையும் பூட்டலாம். மிகச் சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் இந்த அளவு வேறுபடும். மண்ணின் இறுக்கத்துக்கு ஏற்பத் தூக்கி தானாக ஏறி இறங்கும் அமைப்பும் எல்லாவற்றிலும் இருக்காது. சேற்றில் ரொட்டவேட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு அது பெரிய குறை இல்லை. புழுதியில் கொத்துக் கலப்பை போடுபவருக்கு அது வேண்டும்.

மூன்றாவது ஓட்டம். எழுவான்கரையில் இருந்து நாள்தோறும் பாலம் கடந்து வயலுக்குப் போவதானால், அறுவடை நெல்லைப் பெட்டியில் ஏற்றிவருவதானால், இரு சக்கரம் மெதுவானது. பாரத்தோடு இறக்கத்தில் அதை நிறுத்துவதும் கடினம். நான்கு சக்கரத்தில்கூட, இயந்திரம் சிறியதாகவும் பெட்டி பெரியதாகவும் இருந்தால் தடை பிடிக்கும்போது பெட்டி இயந்திரத்தைத் தள்ளும். வாய்க்கால் கரையிலும் வரம்பேறும்போதும் கவிழ்வது இன்றும் நடக்கிறது. பின்னால் கவிழ்வதைத்தான் பெர்குசனின் பூட்டு குறைத்தது. பக்கவாட்டில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பாற்றுவது இருக்கைக்குப் பின்னால் உள்ள இரும்பு வளையமும் இருக்கைப் பட்டியுமே. அவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நான்காவது திருத்தம். பெர்குசன் ஒரே சாவியில் திருத்தும்படி செய்ததற்குக் காரணம், வயலில் நின்றுபோன இயந்திரம் விதைப்பு நாளைத் தின்றுவிடும் என்பதே. புதிதாக வந்த பெயர் மலிவாக இருக்கலாம். ஆனால் அதன் வடிகட்டியும் பட்டியும் மட்டக்களப்பு நகரிலோ களுவாஞ்சிக்குடியிலோ கிடைக்குமா, அதைத் திருத்தத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் முற்பணம் கட்டக்கூடாது. பழைய மெசிகள் பல ஆண்டுகள் ஓடியதற்கு அவற்றின் உறுதி ஒரு காரணம் என்றால், அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் இருந்தது இன்னொரு காரணம்.

ஐந்தாவது கடதாசி. ஃபோர்டோடு கைகுலுக்கியதற்குப் பெர்குசன் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். குத்தகை முறையில் எடுப்பவர், வட்டி எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும், முழுவதும் கட்டி முடித்ததும் பதிவுப் புத்தகம் எப்போது கையில் வரும் என்பவற்றைக் கையெழுத்துக்கு முன்னரே தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காவிட்டால் விளங்கிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்குவதானால், யார் வயல் முதலில், பழுதுச் செலவு யாருக்கு, ஒருவர் விலகினால் என்ன என்பதை உறவுக்காரர்களிடையேயும் எழுதி வைப்பது நல்லது.

இவ்வளவையும் பார்த்த பிறகு, இரண்டு ஏக்கருக்குச் சொந்த இயந்திரம் கட்டுப்படியாகாது என்ற முடிவும் வரலாம். ஒரு போகத்தில் சொந்த வயலில் ஓடும் நாட்கள் மிகக் குறைவு. மீதி நாட்களில் அயலவர் வயலில் வாடகைக்கு ஓடினால்தான் கட்டுப்பணம் கட்டலாம். அப்படி ஓட வீட்டில் ஆள் இல்லாவிட்டால், காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாடகைக்காரரோடு முன்கூட்டியே நாளைப் பேசி வைப்பதே மேல். இது தோல்வி அல்ல. இருக்கும் நிலத்துக்கு ஏற்ற முடிவு.

பெர்குசன் வாழ்நாள் முழுவதும் பெரிய இயந்திரம் செய்யச் சொன்னவர்களோடு சண்டை பிடித்தார். அவரைவிடப் பெரிய முதலாளிகள் அவரோடு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். அவருடைய சாம்பல் நிற இயந்திரங்கள் இப்போது பெரும்பாலும் காட்சிப்பொருள். ஆனால் அந்த மூன்று புள்ளிகள் எல்லா இயந்திரங்களிலும் இருக்கின்றன. அடுத்த முறை விற்பனைக் கூடத்துக்குப் போகும்போது, முன்பக்கத்தில் எழுதியிருக்கும் குதிரைவலுவைப் பார்ப்பதற்கு முன்னர் இயந்திரத்தின் பின்னால் போய் நின்று, என் வயலுக்கு வேண்டிய கருவி இதில் சரியாகப் பூட்டுமா என்று கேளுங்கள்.